பாசி தின்ற கோழி

இரத்மலானையில் கோழித்தீன் செய்யும் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. வெளிநாட்டுச் சோயாவும் மீன்தூளும் ஒழுங்காக வராமல் பண்ணைக்காரர்கள் தீன் மூட்டைக்கு அடிபட்ட காலம் ஒன்று இருந்தது. தொட்டியில் பாசி வளர்த்து, காயவைத்துத் தூளாக்கி, புரொய்லர் கோழியின் தீனில் கொஞ்சம் கலக்கலாம் என்று அப்போது கம்பனியில் முதலில் சொன்னவன் நான்தான். சொன்னதில் பிழையில்லை. கோழிகள் நோய் நொடியில்லாமல் வளர்ந்தன, எடையும் குறையவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்தக் கதையில் பிழை கோழியில் இல்லை.

அந்தப் பாசியைத் தின்ற கோழிக்குத் தோல் நல்ல மஞ்சளாகிவிடும். உரித்தாலும் இறைச்சியில் இலேசாகத் தெரியும். பாசியில் இயல்பாகவே உள்ள நிறம் அது. ஆய்வுகூடத்தில் இருந்த எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. கோழியைப் பார்த்துப் பார்த்து வாங்குகிற சனத்திடம் நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை.

முதல் தொகுதிக் கோழிகளைச் சாதாரணக் கடை ஒன்றில் விற்றுப் பார்க்க வேண்டும் என்றார் மனேஜர். நான் கொட்டாஞ்சேனைக் கடை ஒன்றைச் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த புதிதில் அந்தக் கடைக்கு மேலே இருந்த அறையில்தான் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். கடைக்காரர் மலையகத்தவர். தோட்டத்திலிருந்து வந்து, அடுத்தவன் கடைகளில் வருடக்கணக்காகக் கோழி வெட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு கடை போட்டவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் மனைவி சமைத்த கோழிக்கறியை அவரே மேலே கொண்டுவந்து தருவார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார்கள். ஊரிலிருந்து அம்மா போனில் சைவம்தானே என்று கேட்பார். கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டே நான் ஓம் என்பேன். அதைக் கேட்டுக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பாசிக் கோழியைப் பார்த்ததும் அவர் தயங்கினார்.

“கலர் ஒரு மாதிரியா இருக்குங்க சார். ஆனா நீங்க சொன்னா எடுத்துக்கிறேன்.”

நான் சொன்னேன். அவர் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாளே ஒரு பெண், கோழிக்கு மஞ்சள்காமாலையா என்று கேட்டிருக்கிறார். சாயம் ஏற்றிய கோழி என்று மாலைக்குள் கதை பரவிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அவர் என்னைப் போனில் கூப்பிட்டார். பத்துப் பதினைந்து பேர் கடை வாசலில் நிற்கிறார்கள், நேரில் வந்து விளங்கப்படுத்தினால்தான் கடை பிழைக்கும் என்றார். போனேன். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பாடமே எடுத்தேன். ஒருவரும் அசையவில்லை. அவர் உள்ளே போய், மனைவி சமைத்து வைத்திருந்த அதே கோழிக்கறியைத் தட்டில் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் சாப்பிட்டுக் காட்டினார். விற்கிறவன் தின்னத்தான் செய்வான், அந்தக் கம்பனிப் பெரியவர் தின்னட்டும் என்று என்னைக் காட்டினார் கூட்டத்தில் ஒருவர்.

அவர் தட்டை என் பக்கம் நீட்டினார்.

“ஒரு வாய் சாப்பிடுங்க சார். அது போதும்.”

கோழியில் ஒரு கெடுதலும் இல்லை என்ற ஆய்வுகூட அறிக்கை என் பையிலேயே இருந்தது. ஆனால் இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நாளைக்கு யாருக்காவது வயிற்றுவலி வந்தால் கம்பனிச் சட்டையோடு என் முகம்தான் ஊரெல்லாம் சுற்றும் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். அந்த நேரத்தில் அந்த மஞ்சள் எனக்கே அருவருப்பாக இருந்தது.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மச்சம் சாப்பிடுறேல்லை” என்றேன்.

அன்று காலை கம்பனிக் கன்டீனில் மீன் பணிஸ் சாப்பிட்டுவிட்டு வந்தவன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். என் வெள்ளிக்கிழமைகளை அவரைவிட நன்றாக அறிந்தவர் கொழும்பில் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் அந்த வாசலிலேயே போயிருக்கும். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“ஆமாங்க, சார் வெள்ளிக்கிழமையில கவுச்சி தொட மாட்டாங்க.”

யாரோ சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடையில் வழக்கமான வெள்ளைக் கோழியைக்கூட வாங்க ஆளில்லை. சில மாதங்களில் கடையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அது நான்தான். நிறம் குறித்து நுகர்வோரிடம் தயக்கம் காணப்பட்டது என்று மனேஜருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்.

கம்பனி விடவில்லை. அதே பாசி, அதே மஞ்சள் கோழி, பச்சை இலை போட்ட லேபலோடு சுப்பர் மார்க்கெட்டுக்குப் போனது. இயற்கைத் தீன் என்று எழுதியிருந்ததும் சனம் தேடி வாங்கியது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வெள்ளவத்தையில் இப்போது மஞ்சளாக இருந்தால்தான் நல்ல கோழி என்கிறார்கள். லேபல் இல்லாமல் விற்ற மனுசனை மட்டும் கடையோடு சேர்த்து முடித்துவிட்டார்கள். இந்தச் சனத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். ஆத்திரப்பட எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை.

போன மாதம் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சுப்பர் மார்க்கெட்டுக்குக் கோழி வாங்கப் போனேன். அந்தக் கோழிதான் வேண்டும் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தார். இறைச்சிப் பகுதியில் வெள்ளைத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வெட்டுகிறவர் நிமிர்ந்தார். அவர்தான். மறுபடியும் அடுத்தவன் கடையில்.

திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர், கறிக்குத்தானே என்று கேட்டு, இருந்ததில் நல்ல மஞ்சளான கோழியை எடுத்து அளவாக வெட்டினார். பழைய கை, ஒரு துண்டுகூடச் சிதையவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் பொதியைக் கட்டி என் கையில் வைத்தார்.

“கொண்டுபோய் நல்லா சாப்பிடுங்க சார். இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே.”