அசைந்தால்தான் விளக்கு

அலுவலகத்தில் அவளுக்கு சுவிட்சு அக்கா என்று பெயர். யாராவது அறையை விட்டுக் கிளம்பினால் பின்னாலேயே போய் விளக்கை அணைப்பாள். "அக்கா, நாங்க இன்னும் உள்ளதான் இருக்கோம்" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும். சிரித்துக்கொண்டே மறுபடி போட்டுவிட்டு வருவாள். அவள் உத்தியோகமே அதுதான்: கட்டடங்கள் குடிக்கிற கரண்டையும் தண்ணீரையும் குறைக்கத் திட்டம் போடுவது. ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அவளுக்கு வயிறு எரியும்.

அலுவலகக் கட்டடத்தையே புதுப்பித்தபோது பொறுப்பு அவளிடம் வந்தது. விட்டாளா? பழைய கதவுகளையே இழைத்து மாட்டினாள். மழைத்தண்ணீரைப் பிடித்துக் கழிவறைகளுக்கு விட்டாள். மாடிக்கு மாடி சென்சார் வைத்தாள். ஆள் அசைந்தால் விளக்கும் ஏசியும் ஓடும், இல்லாவிட்டால் தானே நின்றுவிடும். கூடவே ஒரு விதியும் எழுதினாள்: மாதம் முழுக்க நடமாட்டம் பேருக்குக் கொஞ்சம் மட்டுமே பதிவாகிற மாடியை மூடிவிட வேண்டும், அங்கே இருப்பவர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் சென்சாரை நடைபாதைக்கு மேலே வைத்தாள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டாள். அது நடக்கிறவர்களைப் பார்க்கும். உட்கார்ந்தே கிடப்பவர்களைப் பார்க்காது.

மாடி நிறைய ஆள் இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போனார்கள். நாலாவது மாடியில் இவள் மட்டும் மிஞ்சினாள். ஈ காக்கா கிடையாது. வரைபடத்தில் தலையைக் கவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் விளக்கு பொசுக்கென்று போய்விடும். கையை ஆட்டினாலும் வராது, எழுந்து நடைபாதை வரை போய்வர வேண்டும். நான் வைத்தது என்னையே ஒரு ஆளாக மதிக்கவில்லையே என்று சில சமயம் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள்.

வீட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போன வருஷம் அம்மா போன பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள்? தங்கை போனில், "வீட்டுலயே உக்காந்து வேலை பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்க்கா" என்பாள். பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள், அவளுக்கென்ன தெரியும்? இங்கே வந்தால் லிஃப்டில் நாலு முகம் பார்க்கலாம். சாயங்காலம் டீ கொண்டுவருகிற அம்மாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மருமகளை ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போவாள். அந்தப் பேச்சுக்காகவே இவள் தினமும் தலை சீவிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த மாத அறிக்கையில், மூட வேண்டிய மாடி என்று நாலாவது மாடி வந்து நின்றது. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

டீ அம்மாளிடம் சொன்னாள். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? ஃபேன் காத்துல ஆடற மாதிரி ஒரு துணியக் கட்டி விடுங்கம்மா. அது பாட்டுக்கு ஆடும், இது பாட்டுக்கு எரியும்."

மறுநாள் பழைய சால்வையை நடைபாதையில் கட்டினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மாடி முழுக்க ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. ஏசி குளிரில் காலி நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஊருக்குத்தான் உபதேசமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஸ்டூலில் ஏறி அவிழ்த்தாள். அவிழ்க்கும்போதே அழுகை வந்துவிட்டது. மானங்கெட்ட அழுகை, நிற்கவே இல்லை.

மறுவாரம் மேனேஜர் அறையில் கூட்டம். வயதில் சின்னவர், நல்ல மனுஷர். வேலைக்கு வந்த நாளிலிருந்து எல்லாரிடமும் போனிலேயே பேசிப் பழகியவர், இவள் எந்த மாடியில் உட்காருகிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

"விதி உங்களோடதுதான்க்கா. ஆனா நாலாவது மாடியில யாராச்சும் உக்காந்து வேலை பாக்கறாங்கன்னா சொல்லுங்க, திறந்தே வச்சிருக்கலாம். ஒருத்தர் இருந்தாலும் போதும்."

கப்புகளை வைத்துக்கொண்டிருந்த டீ அம்மாள், சொல்லுங்கம்மா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். இவளுக்கும் ஆசைதான். வாய்வரை வந்துவிட்டது. ஒரு ஆளுக்காக ஒரு மாடியையே குளிர வைப்பதா? வேறு எவளாவது உட்கார்ந்திருந்தால் இவளே முதலில் போய் அணைத்திருப்பாள்.

"யாரும் இல்ல சார்" என்றாள்.