டர்போ போன கார்

போன மாதம் பேட்டரிக் கார் விற்கும் ஷோரூம் ஒன்றில், டை கட்டிய இளைஞனிடம் "இதில் டர்போ உண்டா?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனான். என் மகள், என்னை யாரென்றே தெரியாதவள்போல வேறொரு காருக்குப் பின்னால் போய் நின்றாள். எஞ்சினே இல்லாத வண்டியில் டர்போ கேட்டது மடத்தனம்தான். ஆனால் அந்த டர்போவால் எங்கள் குடும்பமே ஒரு காலத்தில் இரண்டாகியிருக்கிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அம்மாவின் தம்பி ஒரு பழைய டர்போ டீசல் காரை அப்பாவுக்குப் பிடித்துக் கொடுத்தார். மாமாவுக்குப் பழவங்காடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அந்தக் காரின் பானெட்டைத் திறக்க அவர் ஒருவருக்கே வீட்டில் அனுமதி. அப்பா ஆபீசில் யார் என்ன ஏசினாலும் வாயைத் திறக்காதவர். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அத்தனைக்கும் சாலையில் பதில் சொல்வார். விழிஞ்ஞம் சாலையில் அவர் மிதித்தால், எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகமேற்றும் அந்த டர்போ ஊளையிடும். முன்னால் போன பஸ் பின்னால் போய்விடும். பின் சீட்டில் எனக்குக் கொண்டாட்டம். முன் சீட்டில் அம்மா, மடியில் தங்கையுடன், கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

திடீரென்று ஒருநாள் டர்போ போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் கரும்புகைதான் வந்தது. ஏற்றத்தில் எங்களை முந்திய ஆட்டோக்காரன், "தள்ளணுமோ சாரே?" என்று கேட்டுவிட்டுப் போனான். அப்பா அன்று சாப்பிடவில்லை. ஏர் ஃபில்டரை மாற்றினார், காற்றுக் குழாய்களை மாற்றினார், டர்போவே தேய்ந்துவிட்டது என்ற மெக்கானிக்கோடு சண்டை போட்டார். மாமா வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பழைய வண்டியில்லா அத்தான், இவ்வளவுதான் இழுக்கும்" என்பார்.

கடைசியில் கரமனையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றையும் கழற்றினார்கள். டர்போவின் ஓரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. அது திறந்துகொண்டால் எஞ்சின் புகை டர்போவைச் சுழற்றாமல் வேறு வழியாக வெளியேறிவிடும். அந்தக் கதவு மூடவே முடியாதபடி கட்டுக்கம்பியால் இழுத்து முறுக்கப்பட்டிருந்தது.

"சாரே, இது தானே கேடானதில்ல. ஆரோ கெட்டி வச்சதாக்கும்" என்றார் மெக்கானிக். கம்பியை வெட்டியதும் வண்டி பழையபடி ஊளையிட்டது.

அன்று மாலை மாமா வந்தபோது அப்பா கம்பியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஊரே சிரிச்சுது. நீயும் பக்கத்துல நின்னு சிரிச்சியாடே?"

மாமா அம்மாவை ஒரு தடவை பார்த்தார். அம்மா பருப்பைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"ஆமா அத்தான், நாந்தான்."

புது டர்போ ஒன்றைத் தலையில் கட்டி லாபம் பார்க்கத்தான் இந்த வேலை என்று அப்பா தீர்ப்பெழுதினார். இனி வாசலை மிதிக்கக் கூடாது என்றார். எனக்கு வந்த கோபம் அப்பாவுடையதைவிட ஒரு படி மேல். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து "கள்ளன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். என் தலையைத் தடவ நீண்ட கையை மடக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அடுத்த ஞாயிறே நாங்கள் பஸ்களை முந்தினோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தங்கையின் கல்யாணத்தன்று மாமா மண்டபத்துக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

ஷோரூமில் மானம் போன கதையை அம்மாவிடம் சொன்னபோது, அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "அந்தக் கம்பிய கட்டச் சொன்னது நாந்தான் மக்கா" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மனிதனை இத்தனை வருஷம் வெளியே நிறுத்தியிருக்கிறோம்!

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"சொன்னா அந்தக் கோவத்தோட நம்மளையும் ஏத்திக்கிட்டு வண்டிய எடுத்திருப்பாரு. கட்டும்போதே உங்க மாமன் சொல்லிட்டான், மாட்டுனா ஏச்ச நான் வாங்கிக்கிடுதேன், நீ வாயத் தொறக்காத அக்கான்னு."

பிறகு கீரையை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கப்பாவ மட்டும் சொல்லி என்ன? பின்னால எந்திரிச்சு நின்னு 'முந்துப்பா, முந்துப்பா'ன்னு காட்டுக் கத்தா கத்துனது நீதானல? ஒனக்குஞ் சேத்துத்தான் கட்டச் சொன்னேன்."