நிற்கிற மரமெல்லாம் மரம்

நான் எழுதி அச்சில் வந்த முதல் விஷயம் ஓர் எண். கதையில்லை, கவிதையில்லை. சேர்வராயன் மலையில் எத்தனை கமலா ஆரஞ்சு மரங்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. அதைப் பொய் என்று இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உண்மை என்றும் சொல்ல வாய் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. வெளியூரிலிருந்து முதல் போட ஆள் பிடிப்பதற்காக, 'இந்த மலையில் என்னென்ன விளைகிறது, என்னென்ன தொழில் தொடங்கலாம்' என்று ஒரு புத்தகம் போடுவதாக இருந்தார்கள். அதற்குப் பழமரங்களை எண்ணித் தர வேண்டும். அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நான் மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். அதனால் என்னை அனுப்பினார்கள். நாகலூர் வரை பஸ், அதற்கப்புறம் கால்.

ஆரஞ்சு மரங்களுக்கு அப்போதே நோவு வந்திருந்தது. இலை மஞ்சளாகும், கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும், பழம் எலுமிச்சை அளவுக்குச் சூம்பிப்போகும். கொட்டச்சேடு என்ற ஊரில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் பாதிக்கு மேல் வெறும் குச்சியாக நின்றன. அவர் என் கூடவே நடந்து, ஒன்று விடாமல் எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் செத்துப்போச்சுங்களே?" என்றேன்.

அவர் சட்டென்று நின்றுவிட்டார். "அப்படிச் சொல்லாதீங்க சாமி. காய்ச்ச மரத்தைச் செத்துச்சுன்னு வாயில சொல்லக்கூடாதுங்க. நிக்குதில்லீங்க? நிக்கறமுட்டும் மரந்தானுங்க. அடுத்த வருசம் காய்க்குமுங்க."

அவர் மட்டுமல்ல, போன ஊரிலெல்லாம் அப்படித்தான். பட்டுப்போன மரத்தை அவர்கள் வெட்டவும் மாட்டார்கள், கணக்கிலிருந்து தள்ளவும் மாட்டார்கள். அதுவாக விழ வேண்டும். என் கையிலிருந்த படிவத்திலோ ஒரே ஒரு கட்டம். மரங்கள், எண்ணிக்கை. சாயங்காலம் மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "மரம் நிக்குதா? நிக்குதுன்னா எழுதிட்டுப் போப்பா" என்றார். எழுதிவிட்டேன். எனக்கும் பெரிய எண் பிடித்திருந்தது. சின்ன எண்ணோடு போனால், ஊர் சுற்றாமல் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான் என்பார்களே என்ற பயம் வேறு.

புத்தகம் வழவழ தாளில் வந்தது. என் எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வெட்கமில்லாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே புத்தகத்தோடு ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சேலத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரஞ்சுச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து விற்கும் ஸ்குவாஷ் கம்பெனி வைக்கப் போகிறாராம். மெஷினைப் பற்றிப் பேசினால் அவர் முகத்துக்குத் தனிக் களை வந்துவிடும். மரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் புத்தகம் இருக்கிறதே.

தோட்டங்களைக் காட்டச் சொல்லி என்னை அவரோடு அனுப்பினார்கள். மழை முடிந்த நேரம், மலை முழுக்கப் பச்சை. காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் மூடிக் கிடந்ததில் எது ஆரஞ்சு, எது வேறு என்றே அவருக்குத் தெரியவில்லை. "தம்பி, புக்குல போட்டிருக்கிற அத்தனை மரமும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க சார். கொஞ்சம் நோவு உண்டுங்க."

"எந்த மரத்துக்குத்தான் நோவு இல்லீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று விளக்கியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன்.

மில்லில் வந்த பணம் முழுவதையும் போட்டு நாகலூருக்குப் பக்கத்தில் தகர ஷெட் எழுப்பினார். சாறு பிழியும் மெஷின், சிறிய பாய்லர், கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள். அவரும் அவர் மனைவியும் ஷெட்டை ஒட்டி ஒரு வீட்டில் குடிவந்தார்கள். மெஷினை அவரே கழற்றி, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டினார். ஓடவிட்டபோது சத்தமே இல்லை. பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சீசன் வந்தது. பழம் வரவில்லை. ஷெட்டில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லீவு போட்டுவிட்டு நான் அவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பழம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஒருவர் அரைக் கூடை கொடுத்தார். இன்னொருவர் பிள்ளைகளுக்கு வைத்திருந்ததைத் தூக்கி வந்தார். கொட்டச்சேட்டு விவசாயி துண்டில் கட்டி ஏழெட்டுப் பழம் கொண்டுவந்து, காசு வேண்டாம் என்று அவர் கையில் வைத்தார்.

"இந்த வருசம் இவ்வளவுதானுங்க. அடுத்த வருசம் காய்க்குமுங்க."

அது மரத்துக்காக அவர்கள் வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியும். சாருக்கு எப்படித் தெரியும்? மில்லில் அடுத்த வாரம் பஞ்சு வரும் என்று சொன்னால் பஞ்சு வந்துவிடும். அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம், "நல்ல சனங்க தம்பி. பொய் சொல்ற முகமே இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தச் சனங்களைப் பொய்யர்களாக்காமல் அவரிடம் உண்மையைச் சொல்வது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வார்த்தையை நம்பி அவர் இன்னொரு வருஷம் இருந்தார். அவர் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அம்மாவின் கழுத்துச் சங்கிலி காணாமல் போனதைக் கவனித்தேன். கேட்கவில்லை. அடுத்த சீசனில் துண்டில் கட்டித் தரவும் பழம் இல்லை. எஸ்டேட்காரர்கள் ஆரஞ்சை வெட்டிவிட்டு மிளகுக் கொடி ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். மெஷினை ஈரோட்டில் யாரோ பாதி விலைக்குக் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டார்.

லாரி வருகிற அன்று இனியும் தாங்காது என்று முடிவு செய்துகொண்டு போனேன். சார் ஷெட்டுக்குள் போல்ட் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா வெளியே பாட்டில்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். முதலில் அம்மாவிடம் சொன்னேன். அந்தக் கணக்கை எடுத்தது நான்தான், பட்ட மரத்தையும் சேர்த்து எழுதினேன், தெரிந்தேதான் எழுதினேன் என்று. சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அம்மா கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு," என்றார். "ஆபீசு, புக்கு, சனம் எல்லாரு மேலயும் அவருக்கு நம்பிக்கை போயிருச்சு. ராத்திரியெல்லாம் அதையேதான் பேசுறாரு. உன்னையொருத்தனைத்தான் நல்லவன்னு சொல்லிட்டிருக்காரு. அதையும் புடுங்கிக்காத."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். சார் ஒரு ஸ்பேனரை நீட்டி, மறுபக்கம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். துருவே இல்லாத போல்ட்டுகள், சுலபமாகக் கழன்று வந்தன. மெஷினை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்ததும் அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"உன்னை ரொம்ப அலைக்கழிச்சுட்டேன் தம்பி. மனசுல வச்சுக்காத" என்றார்.

நான், "பரவாயில்லைங்க சார்" என்றேன்.