ஞானப்பூ வெட்டிய பெயர்ச்சீட்டுகள்

வியாழக்கிழமை, மூன்றாவது பாடவேளை. ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி தேவராஜ் நின்றான். ஞானப்பூவின் தம்பி, கோவில்பட்டி ரயில் நிலையத்தில் மூட்டை ஏற்றுகிறவன். சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தான்.

"டீச்சர், அக்கா விடியக்காலம் போயிட்டா. உங்கட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்" என்றான்.

மஞ்சள் காமாலையில் ஒரு மாதமாகப் படுத்திருந்தவள். எதிர்பார்த்த செய்திதான். ஆனால் அதைக் கேட்டதும் என் மனதில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. 'இந்த வருஷம் கிறிஸ்துமஸ் மரம் திரும்ப என் கைக்கு வந்துவிடும்' என்ற நினைப்பு. அடுத்த நொடியே வெட்கம் வந்தது. பிள்ளைகளை ஊசியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு அவன் கூட நடந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் சபைக் குருவானவர் என்னை அழைத்து, "ஞானப்பூவைப் பற்றிச் சபைப் பத்திரிகையில் நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களுக்குத்தான் அவளோடு அதிகப் பழக்கம்" என்றார். அதிகப் பழக்கம் என்பது உண்மை. எந்த வகையான பழக்கம் என்பது அவருக்கும் தெரியாது, உங்களில் பலருக்கும் தெரியாது. அவளைப் புகழ்ந்து நாலு வரி எழுதிக் கொடுத்துவிடலாம். அது பொய்யாகிவிடும். நான் அவள்மேல் பொறாமைப்பட்டவள். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவளை எப்போதும் ஒருமையில்தான் அழைத்தேன். எழுதும்போதும் அப்படியே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோவிலில் எட்டு வருஷம் கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரித்தது நான். பாளையங்கோட்டையில் கைவேலைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள். தூத்துக்குடிப் பக்கமிருந்து சவுக்குக் கிளை பஸ் கூரையில் வரும். மதுரையிலிருந்து கிரேப் பேப்பரும் ஜிகினாத்தாளும் வாங்கி வருவேன். ஸ்கேல் வைத்து அளந்து, ஐந்து முனையும் ஒரே நீளமாக நட்சத்திரம் வெட்டுவேன். பஞ்சைப் பிய்த்துப் பனி போடுவேன். அந்த வெண்பனியை நானும் பார்த்ததில்லை, பார்க்க வருகிறவர்களும் பார்த்ததில்லை. ஆனாலும் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்காக நவம்பர் மாதத்திலிருந்தே காத்திருப்பேன்.

மழை தொடர்ந்து பொய்த்த அந்த வருஷத்தில் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. அலங்காரத்துக்கு இந்த முறை செலவு வேண்டாம் என்று சபைக் கூட்டத்தில் முடிவானது. "அப்படியென்றால் மரம் வேண்டாம்" என்று நான் சொன்னேன். மரம் இல்லாமல் எல்லோரும் வருத்தப்பட்டு, அடுத்த வருஷம் என் அருமையை உணர்வார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அப்போது பெண்கள் பக்கத்தில் கடைசிப் பாயிலிருந்து ஞானப்பூ எழுந்தாள். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். கூட்டத்தில் அதுவரை வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"ஐயா, காயிதம் நான் கொண்டாரேன். எங்க ஆபீசுல லேபிள் வெட்டுத ஓரம் சாக்குச் சாக்கா குப்பைக்குத்தான் போவுது. மேஸ்திரி அண்ணாச்சிட்ட கேட்டா குடுப்பாவ" என்றாள்.

"மரம்?" என்று நான் கேட்டேன். என் குரலில் இருந்த கேலி எனக்கே கேட்டது.

"நம்ம ஓடைக்கரையில இல்லாத மரமா டீச்சர்?"

மூன்றாம் நாள் உடைமரத்தின் கிளை ஒன்றைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். இலையே இல்லை. விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக முள். அதை மண் நிரப்பிய தகர டின்னில் நட்டாள். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக லேபிள் ஓரங்களை மடித்து, முறுக்கி, பூவும் குருவியும் நட்சத்திரமுமாகச் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு முள்ளின் நுனியில் குத்தி வைத்தாள். நூல் இல்லை, கம்பி இல்லை. பசைக்கு மைதாமாவும் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு துளி மயில்துத்தமும். சாயங்காலம் வாசல் வழியே காற்று வந்தபோது மரம் முழுவதும் காகிதங்கள் சுழன்றன. நான் எட்டு வருஷம் செய்த மரங்களில் ஒன்றுகூட அசைந்ததில்லை.

குருவானவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுதான் நம்ம ஊர் மரம்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே வாரத்தில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாயும் சிலேட்டுக் குச்சியும் பொட்டலம் கட்டிக் கொடுப்பது நம் வழக்கம். பொட்டலத்தில் கட்டும் பெயர்ச்சீட்டையும் லேபிள் தாளில் வெட்டியிருந்தாள். ஓரம் முழுக்க அலையலையாக, நடுவில் வெள்ளையாக இடம் விட்டு.

"டீச்சர், எனக்கு எழுத்து வராது. உங்க எழுத்து முத்து முத்தா இருக்கும். பிள்ளைக பேரை மட்டும் எழுதித் தாரீங்களா?"

"பரீட்சைத் தாள் திருத்தணும் ஞானப்பூ. நேரமில்ல" என்றேன். தாள்களை முந்தின நாளே திருத்தி முடித்திருந்தேன். மேசையில் அடுக்கிக் கட்டி வைத்திருந்த தாள்களை அவள் பார்த்தாள். "சரி டீச்சர், பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எழுதிக் கொடுத்திருந்தால் அது சாதாரணப் பெயர்ச்சீட்டாகப் போயிருக்கும். நான் மறுத்ததால் அவள் வேறு வழி பார்த்தாள். பெயருக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உருவம் வெட்டினாள். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பொட்டலங்களைப் பாயில் பரப்பிவிட்டு, "ஏலே, ஏட்டி, அவங்கவங்களுத எடுத்துக்கோங்க" என்றாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அடிதடி நடக்கும் என்று நினைத்தேன். நடக்கவில்லை. ரயில்வே கேட்காரர் மகள் கைகாட்டி மரத்தை எடுத்துக்கொண்டாள். எங்கே போனாலும் ஆட்டுக்குட்டி பின்தொடரும் பொடியன் ஆட்டுக்குட்டியை எடுத்தான். எப்போதும் வாயில் புளியங்காய் வைத்திருப்பவளுக்குப் புளியங்காய். ஒரு பிள்ளைகூடத் தவறாக எடுக்கவில்லை. எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளைகளும் தங்களைக் கண்டுகொண்டார்கள். மிட்டாயைத் தின்றுவிட்டுக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். முன் வருஷங்களில் நான் இந்தியன் மையில் எழுதிய சீட்டுகள் கோவில் முற்றத்தில் மிதிபட்டுக் கிடக்கும். அன்று முற்றம் சுத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் லேபிள் தாளில் குருவி செய்து பார்த்தேன். மடிக்கிற இடத்தில் கிழிந்தது, இல்லையென்றால் இறக்கை தொங்கியது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளையிடம் கேட்டால் சொல்லித் தரப் போகிறாள்" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்காக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு அக்கறை இல்லாத மாதிரி ஞானப்பூவிடமே கேட்டேன். ஒரு துண்டுத் தாளை எடுத்து ஈரவிரலால் தடவிக் காட்டினாள். தாள் ஒரு பக்கமாகச் சுருண்டது.

"காயிதத்துக்கும் நரம்பு இருக்கு டீச்சர். அது சுருளுத பக்கம் மடிச்சா கேக்கும். எதுக்க மடிச்சா கோவிச்சுக்கிடும்" என்றாள்.

சான்றிதழ் கொடுத்த யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நன்றி சொல்லியிருக்க வேண்டும். "தெரியும்" என்றேன்.

இனி எழுதப் போவதைச் சபையில் யாரிடமும் நான் சொன்னதில்லை. மறு வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் ஞானப்பூ காகிதம் சேர்க்க ஆரம்பித்திருந்தாள். ஓரங்களோடு, அச்சில் நிறம் சிதறிய லேபிள்களும் அவள் சாக்கில் இருந்தன. சிலவற்றில் மயில், சிலவற்றில் யானை, சிலவற்றில் லட்சுமி படம். நான் குருவானவர் வீட்டுக்குப் போனேன். கோவிலுக்குள் வைக்கிற மரத்தில் பிற தெய்வங்களின் படம் தொங்குவது சரியா என்று கேட்டேன். பக்தியுள்ளவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்குப் படத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. அவர் தர்மசங்கடப்பட்டார். அடுத்த ஞாயிறு ஞானப்பூவை அழைத்து, லேபிள் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஐயா சொல்லுதது சரிதான். நான் படத்தைப் பாக்கல. நிறத்தைத்தான் பாத்தேன்" என்றாள்.

அந்த வருஷம் மரம் என்னிடம் வரும் என்று மதுரைக்குப் போகத் தேதி குறித்துவிட்டேன். போவதற்குள் அவள் மறுபடி உடைமரக் கிளையோடு வந்து நின்றாள். இந்த முறை கையிலிருந்தது தீப்பெட்டியைச் சுற்றி ஒட்டுகிற நீலத்தாள். படமில்லை, எழுத்தில்லை, ஒரே நிறம். பெட்டி ஒட்டும் பெண்களிடம் விரல் அகலத் துண்டுகளை வாங்கிச் சேர்த்திருந்தாள். வெள்ளை முள்ளில் நீல நட்சத்திரங்கள் மட்டும். முன் வருஷத்து மரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கத்தினார்கள். இந்த மரத்தைப் பார்த்து யாருமே பேசவில்லை. பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் தன் வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார். அவளைக் கெடுக்க நான் செய்தது அவளை இன்னும் ஒரு படி மேலே ஏற்றிவிட்டது.

அதற்குப் பிறகு மரத்துக்காக நான் போட்டியிடவில்லை. மனம் மாறியதால் அல்ல. தோற்றுப்போவேன் என்று தெரிந்ததால். வருஷா வருஷம் போய் நின்று பார்ப்பேன். ஏதாவது குறை கிடைக்குமா என்று தேடுவேன்.

அவள் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் இளநீர் வாங்கிக்கொண்டு ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். கண்களும் நகங்களும் மஞ்சளாக இருந்தன. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் கீழாநெல்லி சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். உப்பில்லாமல் சாப்பிடு என்றேன். பிறகு ஒரு வழியாக, "ஞானப்பூ, அந்த லேபிள் விஷயத்தை ஐயாவிடம் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியுமே டீச்சர்."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழா அடுக்கிக்கிட்டு இருந்தீங்க." மெதுவாகச் சிரித்தாள். "நீங்க சொல்லலேன்னா நான் அந்த நீலத்துக்குப் போயிருக்கவே மாட்டேன். லேபிளையே கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்."

மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன் என்று அவளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக எரிச்சலாக இருந்தது. நான் செய்த ஒரே பெரிய தீங்கு, அதுவும் அவளுக்கு உதவியாகப் போய்விட்டது. என்னைவிட நன்றாக அவளால் கோபப்படாமல் இருக்கவும் முடிந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தேவராஜ் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தான்.

"இந்த வருஷத்துக்கு வெட்டி வச்சிருந்தா டீச்சர். படுத்துக்கிட்டே வெட்டினா. எது யாருக்குன்னு சொல்லாமப் போயிட்டா. நீங்கதான் எல்லாப் பிள்ளைகளையும் தெரிஞ்சவிய. பாத்துச் சொல்லுங்க."

டின்னைத் திறந்தேன். எல்லாம் நீலத்தாள். ஒரு பம்பரம், ஒரு அகப்பை, மூக்கு நீண்ட ஒரு முகம், ஒற்றைச் செருப்பு, கொக்கு, குடை, இன்னும் எத்தனையோ. எனக்கு ஒன்று வெட்டியிருப்பாளோ என்று முதலில் தேடினேன். இல்லை. பெரியவர்களுக்கு அவள் எப்போதும் வெட்டியதில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பதினேழு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். நான்கைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. தேவராஜ் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான். "வீட்டில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் வகுப்பு ரூபி ஒரு காலைத் தூக்கி மறு முழங்காலில் ஊன்றிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், அசையாமல் நின்றாள். வரிசை நகர்ந்தபோது இறங்கினாள். நின்றதும் மறுபடி கால் மேலே போனது. கொக்கு. இரண்டு வருஷமாகத் தினமும் என் கண்முன் நிற்கிற பிள்ளை. வாரத்துக்கு ஒருநாள் ஞாயிறு பள்ளி வாசலில் பார்த்த ஞானப்பூ இதைக் கண்டிருக்கிறாள்.

ஐந்தாவதைக் கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. எனக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாளே என்ற பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. கிறிஸ்துமஸுக்குள் மீதியையும் கண்டுபிடித்தாக வேண்டும். யாரிடமும் கேட்கப் போவதில்லை. ஞானப்பூ விட்டுப்போனதில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமையைத்தான். அதனால்தான் இப்போதெல்லாம் மணி அடித்த பிறகும் வகுப்புக்குள் போகாமல் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.