குணமடைந்தோர் கணக்கில் அம்மா

அம்மா இறந்த அதே வாரத்தில் அவளுடைய கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தாங்கள் தொற்றிலிருந்து முழுமையாகக் குணமடைந்துவிட்டீர்கள், வாழ்த்துகள், தொடர்ந்து முகக்கவசம் அணியவும். அப்பா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

அனுப்பியது மாநகராட்சிக் கொரோனா கட்டுப்பாட்டு அறை. அம்மா வேலை பார்த்த இடம்.

பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவள் அவள். ஒலிபெருக்கித் தொண்டை. அலுவலகத்தில் 'மைக் அக்கா' என்றால்தான் தெரியும். குழந்தைக்குப் பெயர் முடிவு செய்யாமல் வருகிறவர்களை, "அதுவே வளர்ந்து வெச்சுக்கட்டும்னு விட்டுட்டீங்களா?" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பாள். இறப்பைப் பதிய வருகிறவர்களிடம் மட்டும் அந்தத் தொண்டை தானாக இறங்கிவிடும். வீட்டில் நாளிதழின் இரங்கல் விளம்பரங்களைப் படித்து, பிறந்த ஆண்டோடு வயதைக் கூட்டிப் பார்ப்பாள். "ஒரு வயசு கூடப் போட்டிருக்காங்க" என்பாள். அப்பா தையல்காரர். மெஷினிலிருந்து நிமிராமலே, "செத்தவரு வந்து கோவிச்சுக்கப் போறாரா?" என்பார்.

நோய் பரவியதும் அவளைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். பெயர்தான் அறை. கூட்ட அரங்கின் நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வீட்டிலேயே தங்கியிருக்கும் நோயாளிகளைத் தினமும் அழைத்து நலம் விசாரிக்க வேண்டும். பக்கத்து மேசைப் பெண், "அக்கா, நீங்க போனைக் கீழ வெச்சுட்டுப் பேசுங்க, அப்பவும் அவங்களுக்குக் கேக்கும்" என்பாளாம்.

எப்படி இருக்கீங்க என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள் என்று அம்மா அதைக் கேட்பதில்லை. முகவரியைச் சொல்லச் சொல்வாள். கதவு எண்ணிலிருந்து ஊர் வரை ஒரே மூச்சில் வந்தால் சரி. தெருப் பெயரிலேயே மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுவாள்.

திரையில் அவளுக்கு மூன்றே பொத்தான்கள். நலம். மருத்துவமனைக்கு மாற்றம். பதில் இல்லை. மருத்துவமனைக்குப் போகாதவர்கள் எல்லோரும் குறித்த நாள் கடந்ததும் தாமாகவே குணமடைந்தோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள், பதில் இல்லாதவர்களும் சேர்த்து. வாழ்த்துச் செய்தியும் போய்விடும். நான் தரவுத்தளங்களை வைத்துப் பிழைப்பவள். ஒரு வரி நிரல் போதும் இதற்கு. சாவுக்கென்று ஒரு பொத்தான் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் அம்மா அழைத்த வீட்டில் மகன் எடுத்தான். "அப்பா போயிட்டாருங்க. குணமாயிட்டாருன்னு உங்க ஆபீஸ்லேந்து வாழ்த்து வந்திருக்கு. ஃபிரேம் போட்டு மாட்டட்டுமா?"

அம்மா எழுந்து நேராக அதிகாரியிடம் போனாள். எந்நேரமும் தொற்றுக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்றே பேசுவதால் அவருக்குக் 'கோட்டு சார்' என்று பெயர். அவர் பொறுமையாக விளக்கினார். "குணமானவங்க எண்ணிக்கையை நேத்து வெளியிட்டாச்சும்மா. இன்னிக்கு அது ஒண்ணு குறைஞ்சா பத்திரிகைக்காரன் விடுவானா? அது ஏறலாம், நிக்கலாம், இறங்கக் கூடாது. அந்த ஆளைப் புது நோயாளியா ஒரு தடவை ஏத்துங்க. ஏத்தி, இறந்துட்டார்னு முடிச்சிடுங்க."

"இருந்தது ஒருத்தர்தானே சார்?"

"கணக்குல ரெண்டு பேரா இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

அம்மா முடியாது என்றாள். சாப்பிடும்போது எங்களிடம் சொன்னாள். "ஒரே ஆளை ரெண்டா வெட்டச் சொல்றாரு. நான் என்ன கசாப்புக் கடையா வெச்சிருக்கேன்?"

அந்த வேலையைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்தார்கள். அவள் செய்தாள். அதன் பிறகு நிறையப் பேரை அப்படிச் செய்தாள். அம்மா அவளைக் குறை சொல்லவில்லை. "சின்னப் பொண்ணு, வேலை நிரந்தரமாகல" என்றாள்.

பிறகு அம்மாவுக்கே காய்ச்சல் வந்தது. அவள் பெயரும் வீட்டிலிருப்போர் பட்டியலில் ஏறியது. பக்கத்து மேசைப் பெண்தான் தினமும் அழைத்தாள். "அக்கா, முகவரி சொல்லுங்க" என்பாள். "என் வித்தையை எங்கிட்டயே காட்டுறியாடி?" என்று சிரித்துவிட்டு அம்மா சொல்வாள். ஒருநாள் கதவு எண்ணுக்கு மேல் வரவில்லை.

அந்தப் பெண் சொல்லியும் ஆம்புலன்ஸ் வரவில்லை. ஆட்டோவில் கொண்டுபோனோம். மருத்துவமனையில் படுக்கை இல்லை. வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். சீட்டு எழுதுகிற இடத்தில் எங்கள் முறை வருவதற்குள் முடிந்துவிட்டது. உள்ளே சேர்க்காததால் அந்தச் சாவு தங்கள் கணக்கில் வராது என்றார்கள். ஆனால் உடலை எங்களிடம் தரவில்லை. தொற்று உடல் என்று உறையிட்டு அவர்களே கொண்டுபோனார்கள். உடலுக்குத் தொற்று இருந்தது, சாவுக்கு இல்லை.

அதற்குள் பக்கத்து மேசைப் பெண்ணும் படுத்துவிட்டாள். அவள் இடத்துக்கு வந்த புது ஆள், வீட்டிலிருப்போர் பட்டியலிலேயே இருந்த அம்மாவின் எண்ணை அழைத்திருக்கிறான். யாரும் எடுக்காததால் பதில் இல்லை என்று அழுத்தியிருக்கிறான். மீதியை நிரல் பார்த்துக்கொண்டது.

நான் கோட்டு சாரைப் பார்க்கப் போனேன். அவர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. "உங்கம்மா இல்லாம இந்த ஹாலே ஊமையாயிடுச்சும்மா" என்றார். பிறகு அதே வழியைத்தான் சொன்னார். புதுசா ஒரு நோயாளி, அன்றைக்கே இறப்பு. இப்போது அதற்குக் குடும்பத்தார் கையெழுத்தும் வேண்டுமாம்.

"மாத்த வேண்டியது ஒரே ஒரு கட்டம் சார். உக்கார விட்டீங்கன்னா நானே மாத்தித் தரேன்."

"மாத்தறது கஷ்டமில்லம்மா. மாத்தினோம்னு சொல்றதுதான் கஷ்டம்."

"அம்மா செய்ய மாட்டேன்னு சொன்னது இதைத்தான்."

"தெரியும்" என்றார். நான் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

அப்பா துணி எதையும் வெட்டாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"போட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"அம்மா ஒருத்திதான்ப்பா. ரெண்டு பேருன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"ரெண்டுல ஒண்ணாவது உண்மை இல்லியா? செத்தவளைச் செத்துட்டான்னு எவனாவது ஒருத்தன் எழுதணும். இல்லேன்னா அவ எங்கயோ நல்லா இருக்கான்னு ஆயிடுது. நல்லா இருக்கறவ வீட்டுக்கு வராம எங்க போனா?"

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு அவரே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

மாலை உள்ளூர்ச் செய்தியில் வார்டுவாரியாக எண்கள் ஓடின. எங்கள் வார்டு: புதிய தொற்று ஒன்று, இறப்பு ஒன்று. அப்பா தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். அந்த வரி நகர்ந்து போனதும் அணைத்துவிட்டு, "வந்துட்டா" என்றார்.

அடுத்த நாள் வாசலில் மாநகராட்சி ஆட்கள் இருவர் நின்றார்கள், பசை வாளியும் தகரத் தடுப்புமாக.

"புது கேஸ் ஒண்ணு வந்திருக்கு ஐயா. வீட்டை மூடணும். பேஷண்ட் உள்ளதான் இருக்காங்களா?"

"அவ செத்துட்டா" என்றார் அப்பா.

"அது சரிங்க. தொற்று நேத்துதான்னு எங்களுக்கு வந்திருக்கு. கூட யார் யார் இருக்கீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "நானும் என் பொண்ணும்" என்றார். ஒருவன் நோட்டீஸ் ஒட்டக் கதவில் பசை தடவினான். இன்னொருவன் தகரத்தை நிமிர்த்தினான். அது கேட்டில் சரியாகப் பொருந்தவில்லை. அப்பா போய் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயோ, மறுபடியும் யாருக்குங்க?"

அப்பா தகரத்தை விடாமல் தலையை நிமிர்த்தினார்.

"எங்க வீட்டுக்காரிக்குத்தாங்க" என்றார்.