இருநூறு வோல்ட்டும் என் வீட்டுக்காரரும்

என் காரைக் கொன்றது என் வீட்டுக்காரர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அவருக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு வரக்கூடாது.

நான் விழுப்புரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீடு திண்டிவனத்தில். இருபது வருடம் பஸ்ஸில் போய் வந்தேன், அதில் பாதி நின்றுகொண்டே. அப்புறம்தான் ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கினேன். பெட்ரோலிலும் ஓடும், பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இருநூறு வோல்ட் பேட்டரியிலும் ஓடும். அதில் போகிற முக்கால் மணி நேரம்தான் ஒரு நாளில் எனக்கே எனக்கென்று இருக்கிற நேரம். வீட்டில் இருந்தால் "சட்னி எங்க வெச்ச?" பள்ளியில் இருந்தால் "மிஸ், ரெக்கார்டு நோட்டு நாளைக்குக் கொண்டு வரட்டுமா?" காருக்குள் என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது. அந்த நிம்மதி இருக்கிறதே, அது இல்லாமல் இருபது வருடம் எப்படிப் பிழைத்தேன் என்றுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

மே மாத லீவில் சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வந்தேன். வந்த மறுநாள் புதன்கிழமை காரில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினால், டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிகிறது, ஆனால் 'ரெடி' என்ற பச்சை எழுத்து மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு தலையணை, ஒரு லுங்கி, கால் வைக்கிற இடமெல்லாம் மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல்.

"என்னங்க, இந்தத் தலகாணி இங்க என்ன பண்ணுது?"

அவர் போன வருடம்தான் அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்களுக்கே உரிய நிதானத்தோடு செய்தித்தாளை மடித்தார்.

"மதியானம் ஆனா கரண்ட் போயிடுது. வெக்க தாங்கல. கார்ல ஏசி போட்டுக்கினு சித்த நேரம் படுத்துக்கினு இருந்தேன். அதுல இன்னா தப்பு?"

"தினமுமா?"

"மதியானம் தினமும்தான வருது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஞ்சின் சத்தமே கேட்கவில்லை, அதனால் பெட்ரோலே செலவாகவில்லை என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. இந்த மாதிரி வண்டியில் எஞ்சின் அவ்வப்போது தானாக எழுந்து பேட்டரியை நிரப்பிவிட்டுத் தூங்கப் போய்விடும். இவர் குறட்டை விடும்போது அது எழுந்தது இவருக்கு எப்படிக் கேட்கும்? ஒரு நாள் பெட்ரோல் தீர்ந்திருக்கிறது. அதற்கப்புறம் ஏசி, பேட்டரியை உறிஞ்சிக் குடித்திருக்கிறது. வண்டி அணைந்ததும் இவர் எழுந்து அந்தப் பட்டனை நாற்பது தடவை அமுக்கி, மிச்சம் மீதி இருந்த உயிரையும் வாங்கியிருக்கிறார். இந்த வண்டியில் எஞ்சினைச் சுற்றிவிட வேறு மோட்டார் கிடையாது. அந்தப் பெரிய பேட்டரிதான் சுற்றிவிட வேண்டும். பேட்டரி செத்தால் எஞ்சின் எழாது, எஞ்சின் எழாவிட்டால் பேட்டரி நிரம்பாது. செய்தித்தாளின் ஓரத்தில் படம் போட்டே விளக்கினேன்.

படத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப இது ஓட்ட வண்டி, வித்துடு. கண்டமங்கலத்துல பழைய வண்டி வாங்கறவரு ஒருத்தர் இருக்காரு. ஞாயித்துக்கெழம வரச் சொல்லட்டா?" என்றார்.

கொன்றவரே கருமாதிக்கும் நாள் குறித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "வரச் சொல்லுங்க! ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குள்ள இந்த வண்டி கிளம்பலன்னா நானே சாவியக் குடுத்துடறேன்!" என்று கத்திவிட்டேன். என் வாய் இருக்கிறதே, அதற்குத் தனியாகப் பூட்டு வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்கு போன் பண்ணச் சொன்னால் மூன்று நாள் ஆக்குகிற மனிதர், அந்த ஆளுக்கு மூன்றே நிமிடத்தில் போன் போட்டுவிட்டார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. மறுபடியும் பஸ்.

சாயங்காலம் தெருவே கூடிவிட்டது. எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் என் பழைய மாணவர்கள். ஒருவனுக்கு நானே செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

"தள்ளுனா கிளம்பிடும் மிஸ்."

"இது தள்ளினா கிளம்பற வண்டி இல்லப்பா."

"எல்லா வண்டியும் தள்ளுனா கிளம்பும் மிஸ். நீங்க பயப்படாதீங்க."

அந்த முழு மதிப்பெண்ணை அப்போதே திரும்ப வாங்கியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏலேலோ போட்டுத் தெருக்கோடி சோடாக் கடை வரைக்கும் தள்ளினார்கள். வண்டி கிளம்பவில்லை. அப்புறம்தான் தெரு அந்தப் பக்கம் சரிவு என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. திரும்ப மேட்டில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ப்பதற்குள் எட்டுப் பேர் நான்கு பேர் ஆகிவிட்டார்கள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தன் பேட்டரியைக் கழற்றி வந்து ஒயர் கொடுத்தார். டேஷ்போர்டு விளக்குகள் எரிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அது காலையிலேயே எரிந்தது, அது விளக்குக்கென்று தனியாக இருக்கிற சின்ன பேட்டரி வேலை, அது சாகவே இல்லை என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை, விழுப்புரத்தில் இந்த மாதிரி பேட்டரிகளைச் சரி செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்து, காரை லாரியில் ஏற்றினோம். முன்னால் டிரைவர், கிளீனர், அவர்களுக்கு முன்பே ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்ட என் வீட்டுக்காரர். எனக்கு இடமில்லை. போங்கடா என்று லாரி மேல் ஏறி என் காருக்குள் போய் என் சீட்டிலேயே உட்கார்ந்தேன். பழக்க தோஷம், கை தானாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் வந்த பஸ்ஸின் படியில் நின்றிருந்த கண்டக்டர் இருபது வருடப் பழக்கம். "இன்னா டீச்சர், வண்டிக்கே வண்டியா?" என்று கத்தினார். என் மானம் அங்கேயே கப்பலேறிவிட்டது.

டோல்கேட்டில் லாரிக்கு ஒரு தடவை 'பீப்' என்றது. லாரி நகர்ந்தது, இன்னொரு 'பீப்'. மேலே இருந்த என் கார் கண்ணாடியின் டோல் ஸ்டிக்கரையும் அந்த இயந்திரம் படித்துவிட்டது. "ஓடாத வண்டிக்கும் டோலா?" என்று மேலேயிருந்து சண்டைக்குப் போனேன். அங்கிருந்த பையன் அண்ணாந்து பார்த்து, "டிரைவர் சீட்டுல ஆள் இருக்காங்களே மேடம்" என்றான். 

பேட்டரிக்காரர் அதிகம் பேசாதவர். பின் சீட்டைக் கழற்றினார், ஒரு முறம் மல்லாட்டைத் தோலை அள்ளிக் கொட்டினார், ஒரு ஆரஞ்சு நிறப் பிடியை உருவி எடுத்துவிட்டு, மிச்ச மின்சாரம் வடியட்டும் என்று பத்து நிமிடம் சும்மா காத்திருந்தார். பிறகு தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு திறந்தார். உள்ளே இருபத்தெட்டு சின்னப் பெட்டிகள் வரிசையாக. என்னால் சும்மா இருக்க முடியுமா? "இதெல்லாம் தொடர் இணைப்பு, மொத்த மின்னழுத்தம் எவ்வளவுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சொல்றது கரெக்ட்டு மேடம். அந்த மேஜைக்கு அந்தாண்ட நின்னுக்கினு சொல்லுங்க."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு நாள் ஆவும். ஜல்தியா ஏத்துனா சூடாயி வீணாப் பூடும். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி குடுக்கற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

சனிக்கிழமை போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். நடுமதியம், மீட்டரில் எண்கள் நன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கரண்ட் ஏற்றுவதற்கே கரண்ட் இல்லை. ஞாயிறு பதினோரு மணிக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணினேன். பேட்டரியைக் குளிரவைக்க வைத்திருந்த மின்விசிறியும் நின்றது. பேட்டரிக்காரர் சிரித்துக்கொண்டே, "சார் வேணும்னா விசிறுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் உண்மையென்று நம்பிவிட்டார். ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தெடுத்து, ஸ்டூலைப் போட்டு, வியர்வை ஒழுக ஒழுக முக்கால் மணி நேரம் அந்தப் பேட்டரிக்கு விசிறினார். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்கு ஒரு தடவைகூட விசிறியதில்லை.

"சும்மா வெளயாட்டுக்குத்தான் சொன்னேன் மேடம்," என்று பேட்டரிக்காரர் என் காதருகே கிசுகிசுத்தார்.

"தெரியும். அவர்கிட்ட சொல்லாதீங்க. விசிறட்டும்."

ஞாயிறு காலை எட்டரைக்கே போய் நின்றோம். இரவெல்லாம் ஏறியிருந்தது. தேறாத இரண்டு பெட்டிகளை மாற்றியிருந்தார். எல்லாம் பூட்டி முடித்ததும், "பெட்ரோல் இருக்குதுல்ல?" என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு கேனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பெட்ரோல் ஊற்றியாயிற்று. மணி ஒன்பதே முக்கால். பட்டனை அமுக்கினேன். 'ரெடி.' பச்சை எழுத்து! வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே நின்ற என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்டமங்கலத்துக்காரருக்குப் போன் போட்டு, "ஹலோ, ஆமாங்க, கிளம்பல, நீங்க வந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவரை நோக்கி வண்டியை மெதுவாக நகர்த்தினேன். துள்ளிக் குதித்தார். நாலடி போனதும் எஞ்சினும் எழுந்து உறுமியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேட்டரிக்காரர் எதிரில் மூக்கைச் சிந்தினேன், வெட்கமாகவே இல்லை.

"வர வேணாம்னு சொல்லுங்க." அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். விழுப்புரம் பஸ் நிலையத்துக்கு வெளியே வண்டியை ஓரம் கட்டினேன்.

"இறங்குங்க. பஸ்ல வாங்க."

"ஏன், உன்கூட வந்தா இன்னாவாம்?"

"இது என்னோட நேரம்."

அவர் இறங்கவில்லை. 

"இருவது வருஷம் காத்தால உன்ன ஸ்கூட்டர்ல பஸ் ஸ்டாண்டுல வுட்டது நானு. கார் வந்த நாள்லேர்ந்து போய்ட்டு வரேன்னு நீ பாட்டுக்குப் பூட்ற. நான் வாசல் கேட்டாண்ட நின்னு பாத்துக்கினு இருக்கேன்."

"அதுக்குத்தான் விக்கச் சொன்னீங்களா?"

அவர் சீட் பெல்ட்டைக் கழற்றினார், மறுபடியும் மாட்டிக்கொண்டார்.  இந்த மனிதரைத் திட்ட நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். அன்னிக்குக் கூட வாங்க. ஆனா பேசக்கூடாது."

"கொஞ்சங்கூடவா?"

"வழியில கூட்டேரிப்பட்டு வர்ற வரைக்கும் பேசலாம்."

"அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. திண்டிவனம் பஸ் அதோ நிக்குது."

இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தன்னந்தனியாகக் கிளம்பிவிட்டேன்.