ஒரு சைஸ் பெரிய தொப்பி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். சான்றிதழை ஃபைலில் போட்டு, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வாரமே என் மேசையில் ஒரு நூல் பொம்மை உட்கார்ந்திருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மிரண்ட கண், நெஞ்சோடு அணைத்த நீல ஃபைல். ஆபீஸே சிரித்தது.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. புதுசா வர்றவங்களுக்கு நம்ம அன்பளிப்புங்க" என்றார் ஒருவர். முதலில் மீசை வரும், அப்புறம் ஆள் வருவார். அப்படி ஒரு மீசை. அவர்தான் கருப்புசாமி அண்ணன். அந்தப் பொம்மையை எங்கம்மா என் பட்டமளிப்புப் போட்டோவுக்குக் கீழே வைத்து இன்றும் தூசி தட்டுகிறார்.

துணியைத் துவைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்கியது என்று அளப்பது அண்ணனுடைய வேலை. டீ நேரத்தில் பையிலிருந்து குரோஷா ஊசியை எடுத்து நூல் பின்ன ஆரம்பித்துவிடுவார். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை என்றாலும் ஒரு பொம்மை, ஒரு தொப்பி. தொப்பி மட்டும் எப்போதும் ஒரு சைஸ் பெரிதாக இருக்கும். வாட்ச்மேன் அர்த்தநாரிக்குப் போட்டது மூக்கில்தான் வந்து நின்றது.

"ஒருக்கா தொவைங்க, செரியாயிரும்" என்பார்.

"அண்ணா, இது அக்ரிலிக் நூலுங்க. சுருங்காது."

"படிச்சது நீங்கதானுங் தம்பி. நூலு படிக்கலீங்களே!"

அப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. தங்கை கோமளாவின் மகள் தேஜஸ்ரீக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளோ மாமன் மீசையைக் கண்டாலே ஊரைக் கூட்டி அழுவாள். அவள் வராவிட்டால் அந்த மடி பெரியப்பா மகன் ராசப்பனுக்குப் போய்விடும்.

"அண்ணா, பேசாம மீசைய எடுத்துருங்" என்றாள் கோமளா.

"சாமிக்கு வேண்டுதல்னா எடுப்பேன். புள்ளைக்குப் பயந்து எடுத்தேன்னா, ராசப்பன் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

அண்ணன் தன்னையே பொம்மையாகப் பின்னினார். உடம்பில் பாதி மீசை. "மொதல்ல சாம்பிளுக்கு அப்ரூவல் வாங்கிருவோமுங்க" என்று அதை முன்கூட்டியே அனுப்பிவைத்தார். தேஜஸ்ரீ அதற்கு மீசக்காரன் என்று பெயர் வைத்து, கூடவே படுக்க வைத்தாள். மொட்டைத் தலைக்குத் தொப்பியும் தயாரானது. சுருக்கத்துக்கு இடம் விட்டு, சுருட்டை முடியோடு எடுத்த அளவு.

கொமரலிங்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலுக்கு நாங்களும் கம்பெனி வேனில் போயிருந்தோம். சாம்பிளுக்குக் கிடைத்த அப்ரூவல் சரக்குக்குக் கிடைக்கவில்லை. அண்ணனைக் கண்டதும் தேஜஸ்ரீ பொம்மையைக் கட்டிக்கொண்டு அலறினாள். மொட்டையை அம்மா மடியிலேயே அடிக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ராசப்பன் வேட்டியைச் சரிசெய்து, சம்மணம் போட்டுவிட்டார்.

"வா கண்ணு, இந்த மாமனுக்கு மீச கெடையாது பாரு!"

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. தொப்பியையாவது போடட்டும் என்று கோமளாவிடம் நீட்டினார். அவள் மாட்டினாள். அது நெற்றியைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்கில் வந்து நின்றது. அழுகை பட்டென்று நின்றுவிட்டது.

"ஏப்பா கருப்பு, இது தொப்பியா, தலகாணி ஒறையா?" என்று ராசப்பன் சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் கோமளா பிள்ளையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்துவிட்டாள். தேஜஸ்ரீ ஒரு கையில் பொம்மையின் மீசையைப் பிடித்தபடி, மறு கையால் இருட்டில் துழாவினாள். அசல் மீசை கையில் சிக்கியது.

"மீசக்காரா, பெருசாயிட்டியா?" என்றாள்.

"ஆமாஞ் சாமி" என்றார் அண்ணன்.

ஆசாரி ஊசியோடு குனிந்து, "காது எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு, தொப்பி ஓரத்தைத் தூக்கிக் குத்தினார். பிள்ளை வீறிட்டு, பிடித்த மீசையை ஒரே இழுப்பு இழுத்தாள். காது குத்தியது ஒருத்திக்கு. கண்ணீர் வந்தது இரண்டு பேருக்கு.

கருப்புசாமி அண்ணன் இப்போதும் அதே கம்பெனியில் சுருக்கம் அளந்துகொண்டிருக்கிறார். தேஜஸ்ரீ பள்ளிக்கூடம் போகிறாள். லீவு விட்டால் மாமன் வீட்டில்தான் இருக்கிறாள். தொப்பி இன்னும் சுருங்கவில்லை.